நூலின் நிறை குறைந்தால் யாரைக் கேட்பது?

கிழக்கிலங்கையில் மருதமுனைப் பக்கமிருந்து ஒரு தம்பி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாப்பா நடத்திய ஆறு தறிக் கூடத்தை மூன்று வருடமாக இவர் பார்த்து வருகிறார். பொறுப்பெடுத்த கையோடு பழைய கிடுகுக் கூரையைக் கழற்றித் தகரம் போட்டார், மண் தரைக்குச் சீமெந்து பூசினார். நோன்புப் பெருநாள் வியாபாரத்தையும் வருடத்தின் மிச்சத் தேவையையும் நினைத்து டிசம்பர் மாதம் 40 நம்பர் பருத்தி நூல் 100 கிலோ வாங்கி, தன் தராசிலேயே நிறுத்து, பின்னறையில் பொலித்தீன் சுற்றி அடுக்கினார். பெருநாளுக்கு முன்னமே வாங்கி வைத்திருந்த பழைய நூல் போதுமாக இருந்ததால் இந்த 100 கிலோவும் அப்படியே இருந்தது. ஜூலையில் தார் சுற்ற, அதாவது ஊடு நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்ற, கொடுத்து, எல்லாம் முடிந்தபின் நிறுத்தால் 94 கிலோ. ஆறு கிலோவைக் காணோம். களஞ்சியத்தின் திறப்பு, வாப்பா காலத்திலிருந்தே தார் சுற்றும் ஒரு ராத்தாவிடம்தான் இருந்தது. "அமானிதமாகக் கொடுத்த நூலில் கை வைத்துவிட்டார்" என்று முடிவு செய்து இரண்டு மாதக் கூலியில் வெட்டியிருக்கிறார். ராத்தா ஒரு வார்த்தை பேசாமல் திறப்பை வைத்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை.

அதோடு வேறு தொல்லைகளும். மாரியில் கஞ்சி போட்டுச் சுருட்டி வைத்த பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில்) சாம்பல் நிறப் புள்ளிகளும் ஊசல் மணமும். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று அடிக்கும் காலத்தில் மத்தியானமானால் பாவு நூல் படபடவென்று அறுகிறது. கமரா பூட்டலாமா, ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா, யன்னலை நாள் முழுக்கத் திறந்து விடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் மூன்று பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றுதான்: பருத்தியும் காற்றிலுள்ள ஈரமும். நிறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஒரு மனுசியின் பெயர் கெட்டுப்போயிருக்கிறது.

ஆறு கிலோ எங்கே போனது

பருத்தி, காற்றில் ஈரம் கூடினால் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், காற்று காய்ந்தால் விட்டுவிடும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. 12 சதவீதம் நீர் ஏறிய நூலும் கைக்குக் காய்ந்த நூல் மாதிரித்தான் இருக்கும். முற்றாக உலர்ந்த 100 கிலோ பருத்தியில் எத்தனை கிலோ நீர் ஏறியிருக்கிறது என்றுதான் எங்கள் துறையில் கணக்கு வைப்போம். உலகம் முழுக்க நூல் வியாபாரத்தில் பருத்திக்கு ஒப்புக்கொண்ட அளவு 8.5. அதாவது உலர் பருத்தி 100 கிலோவை 108.5 கிலோ என்று விற்பது நியாயமான வியாபாரம்.

வாடைக்காற்றும் அடைமழையுமான டிசம்பரில், உங்கள் பின்னறை மாதிரி இடத்தில் காற்றின் ஈரப்பதன் 85, 90 சதவீதத்தில் நிற்கும். அப்போது நூலில் 12 கிலோவோ அதற்கு மேலேயோ நீர் ஏறியிருக்கும். கச்சான் அடிக்கும் ஜூலை மத்தியானத்தில் ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போது அது 6 கிலோவாகிவிடும். இனி உங்கள் 100 கிலோவைப் பாருங்கள். 12 வீதம் நீரோடு 100 கிலோ என்றால் அதில் உலர் பருத்தி 89.3 கிலோ. அதே பருத்தி 6 வீதம் நீரோடு நின்றால் 94.6 கிலோ. ஐந்தரைக் கிலோ அளவில் காற்றோடு போய்விட்டது. மிச்ச அரைக் கிலோ சொச்சம், சுற்றும்போது பறக்கும் பஞ்சும் வெட்டியெறியும் முடிச்சுத் துண்டும். 100 கிலோ சுற்றினால் அவ்வளவு கழிவு வரத்தான் செய்யும்.

ஆகவே, நீங்கள் எழுதிய கணக்கின்படி ராத்தா ஒரு கழி (சுருளாக முடிந்த நூல்) கூட எடுத்ததற்கு அடையாளம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டது ஜூலை நிறையை. நான் சந்தேகப்படுவது டிசம்பர் நிறையை. 8.5 வீதம் நீரோடு சரியாக 100 கிலோவாக இருந்த நூல், அந்த மழைக்குள் உங்கள் தராசில் 103 கிலோ காட்டியிருக்க வேண்டும். அது 100 தான் காட்டியது என்றால், வியாபார முறைப்படி பார்த்தால் உங்களுக்குக் கிடைத்தது 97 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதை எடுத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவரும் மாரியில் தன் தராசில் நிறுத்துத் தந்திருக்கலாம், அவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். உங்கள் தராசே பிழையாகவும் இருக்கலாம். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசை வருடாவருடம் பரிசோதித்து முத்திரை குத்த வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் அதைச் செய்கிறது. முதலில் உங்கள் தராசைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர் தராசைப் பற்றிப் பேசலாம்.

நிறைக்கு ஒரு சாட்சி

இனிமேல் யாரையும் சந்தேகிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, நூலை நிறுத்துக் கொடுக்காமல் எண்ணிக் கொடுங்கள். ஈரம் ஏறினால் நிறை மாறும், நீளம் மாறாது. ஒரு கழி 840 யார். 40 நம்பர் என்றாலே ஒரு இறாத்தலுக்கு 40 கழி என்றுதான் அர்த்தம், 10 இறாத்தல் கட்டில் 400. இரட்டைக் கழியாக முடிந்திருந்தால் 200. கொடுக்கும்போது கழியை எண்ணிக் கொப்பியில் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள். வாங்கும்போது தாரை எண்ணுங்கள்.

மற்றது, நிறுத்தே ஆகவேண்டிய இடங்களுக்கு. அதே நூலில் பத்துக் கழியை எடுத்து, களஞ்சியத்தின் நடுவில், சுவரில் படாமல், பொலித்தீன் இல்லாமல் தொங்க விடுங்கள். அதற்கென்று ஒரு சீட்டுக் கட்டி, யாரும் எடுக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள். 40 நம்பர் நூலில் பத்துக் கழி, 8.5 வீதம் நீரோடு, ஏறக்குறைய 113 கிராம் நிற்கும். நல்ல மாரியில் அது 117 ஆகும், கச்சானில் 111க்கு இறங்கும். சரக்கை நிறுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பத்துக் கழியையும் நிறுங்கள். டிசம்பரில் 117, ஜூலையில் 111 என்றால், டிசம்பரின் 100 கிலோ ஜூலையில் 95 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்பதுதான் சரி. அதற்கும் கீழே போனால் மட்டும் யோசியுங்கள். இதற்குக் கிராமில் பத்திலொன்று காட்டும் சின்னத் தராசு வேண்டும். அரிசி நிறுக்கும் தராசில் இது பிடிபடாது. பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டிய நூல் வெளிக்காற்றுக்கு மெல்லத்தான் இணங்கும் என்பதால், கட்டைப் பிரித்து இரண்டு மூன்று நாள் விட்டு நிறுத்தால் கணக்கு இன்னும் ஒத்துவரும்.

வெட்டிய கூலி

நான் சட்டத்தரணி அல்ல, ஆனாலும் இதைச் சொல்லாமல் தொழில்நுட்பம் மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நட்டம் என்று நாமே முடிவுசெய்து தொழிலாளியின் கூலியில் கழிப்பது முதலாளியின் இஷ்டத்துக்கு விட்ட விஷயம் இல்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் கழிக்காமல் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. தார்க் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டறியலாம். அவர் முறையிட்டால், களவுக்கு நீங்கள் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் இந்த ஆறு கிலோதான். அது எப்படிப் போனது என்று மேலே பார்த்துவிட்டோம்.

சட்டத்துக்குப் பயந்து அல்ல, நியாயத்துக்காக, அந்தக் காசை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். ஆள் விட்டு அனுப்பாமல் நீங்களே போங்கள், முடிந்தால் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்கை விளங்கப்படுத்தி, வாய்விட்டுப் பொறுத்துக்கொள்ளக் கேளுங்கள். கூடத்தில் மற்றவர்கள் முன்னால் குற்றம் சொல்லியிருந்தால், இல்லை என்பதையும் அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வருவதும் வராததும் அவருடைய விருப்பம். வரவில்லை என்றால், நூலைத் தடவியே இது அறுமா, அறாதா என்று சொல்லக்கூடிய ஒரு கையை உங்கள் கூடம் இழக்கும்.

மாரியில் களஞ்சியம்

யன்னலைத் திறந்தால் ஈரம் போகும் என்பது எல்லாரும் நம்புவது. நம் கரையோரத்தில், மாரியில், அது நேர்மாறு. ஓர் உதாரணம்: மழை விட்ட மத்தியானம், வெளியே 30 பாகை, ஈரப்பதன் 73 சதவீதம். நல்ல காற்றுத்தானே என்று திறக்கிறீர்கள். அது 27 பாகையில் குளிர்ந்து கிடக்கும் சீமெந்து அறைக்குள் வந்து ஆறியதும் 87 சதவீதமாகிவிடும். பூஞ்சணம் பிடிக்க 80க்கு மேல் சில நாள் போதும், அதிலும் அரிசிக் கஞ்சி அதற்கு விருந்து. ஆகவே மாரி தொடங்கினால் களஞ்சியத்தைச் சாத்தி வையுங்கள். பல நாள் தொடர்ந்து வெயில் எறித்து அறையும் சூடேறிய பிறகே திறக்கலாம். தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, கதவின் கீழ் இடைவெளி எல்லாவற்றையும் அடையுங்கள். அதை அடைக்காமல் எந்த மெஷின் வாங்கினாலும் அது கடற்காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கட்டுகளைத் தரையிலும் சுவரோடும் அடுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சீமெந்து கீழிருந்து நீரை இழுக்கும். பலகைத் தட்டுப் போட்டு ஒரு சாண் உயர்த்துங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். எந்தப் பக்கமும் காற்றுப் புழங்க வேண்டும்.

பொலித்தீன் விஷயத்தில் நீங்கள் செய்தது பாதி சரி. பொலித்தீன் ஈரத்தை உள்ளே விடாது, வெளியேயும் விடாது. டிசம்பரில் 12 வீதம் நீரோடு இருந்த நூலைக் கட்டியதால் நீரையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். இதே வேலையை ஓகஸ்டில் செய்து பாருங்கள். கச்சானில் காய்ந்து நிற்கும் நூலை வாங்கி, வாங்கிய அன்றைக்கே தடித்த பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால், மாரி முழுக்க அது அப்படியே கிடக்கும். நிறைக்கு வாங்குகிற நூல் என்பதால், காய்ந்த காலத்தில் வாங்கினால் அதே காசுக்கு நீர் குறைவு, பருத்தி கூட. நாலு மாதம் முன்கூட்டியே முதல் முடங்கும் என்பது உண்மை. முழுதும் முடியாவிட்டால் பாதியையாவது அப்படி வாங்கிப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் உங்களுக்கு அதிக இலாபம் தரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

கஞ்சி போட்ட பாவை மாரியில் சேர்த்து வைக்காதீர்கள். தறியில் ஏற்றக்கூடிய அளவுக்கு மட்டும் போடுங்கள். பூஞ்சணத்துக்குக் கஞ்சியில் மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று என்னும் நச்சு உப்பு) கலக்கிற பழக்கம் சில இடங்களில் இருந்தது. நாள் முழுக்கக் கையால் அளையும் நூலில் அது எனக்குச் சம்மதமில்லை. அறையைச் சூடாக்க பெரிய குமிழ் விளக்கு எரிய விடுவதையும் நிறுத்துங்கள். 27 பாகையில் 90 சதவீதமாக நிற்கும் காற்றை 32 பாகைக்குச் சூடேற்றினால் ஈரப்பதன் 67க்கு இறங்குவது உண்மைதான், அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. ஆனால் விளக்கில் படியும் பஞ்சுத் தூசு ஒரு நாள் தீப்பிடித்தால் கூடமே மிஞ்சாது.

புள்ளி விழுந்த பாவைப் பற்றி: வெளியே வெயிலில் விரித்து, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு தட்டுங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் கிட்ட நிற்க வேண்டாம். புள்ளி விழுந்த இடத்தில் ஒரு இழையையும் நல்ல இடத்தில் ஒரு இழையையும் கையால் இழுத்து அறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி அறுந்தால் பூஞ்சணம் கஞ்சியை மட்டும் தின்றிருக்கிறது. கழுவி, திரும்பக் கஞ்சி போட்டுப் பாவிக்கலாம். புள்ளி இடம் சும்மா தொட்டதுமே விடுகிறது என்றால் பருத்தியையே தின்றுவிட்டது. அதைத் தறியில் ஏற்றி நெசவாளியின் நாளைக் கெடுக்காதீர்கள். குளோரின் வெளுப்பான் கறையை எடுக்கும், ஆனால் நூலையும் தின்னும்.

கச்சானில் தறிக்கூடம்

களஞ்சியத்துக்கு 60 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதன் நல்லது. தறிக்கு அது போதாது, 70 முதல் 80 வரை வேண்டும். பருத்தி ஈரமானால் பலம் கூடும், காய்ந்தால் நொய்யும். செயற்கைப் பட்டு இதற்கு மாறானது, அதில் பழகியவர்கள்தான் ஈரத்துக்குப் பயப்படுவார்கள். கச்சானில் நூலும் இளக்கம் இழக்கும், மேலே பூசிய கஞ்சியும் மொறுமொறுத்து உதிரும், நாடா (ஊடு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடும்போது அறும். வாப்பா காலத்தில் இவ்வளவு அறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிடுகுக் கூரை சூட்டை மறித்தது, மண் தரை கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் விட்டது. குழித்தறிக்காரர்கள் தரையோடு பாவைக் கட்டியதிலும் இந்த நன்மை இருந்தது. நீங்கள் இரண்டையும் ஒரே வருடத்தில் மாற்றிவிட்டீர்கள்.

தகரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. தகரத்துக்கு மேல் கிடுகு வேயுங்கள், அல்லது கீழே ஓர் அடி இடைவெளி விட்டுக் கிடுகுத் தட்டி கட்டுங்கள். மேற்கு யன்னல்களைக் கச்சானில் சாத்துங்கள், காற்று நேரே பாவின் மேல் அடிக்கக் கூடாது. திறந்தே ஆகவேண்டும் என்றால் நனைத்த சாக்குத் தொங்க விடுங்கள். காலையிலும் பதினொரு மணி போலவும் தரைக்குத் தண்ணீர் தெளியுங்கள். சட்டியில் தண்ணீர் வைத்தால் கிழமைக்கு இரண்டு தடவையாவது ஊற்றிவிட்டு உரசிக் கழுவுங்கள், டெங்கு நுளம்பு வளர அதுவே போதும். பாவு அதிகம் அறும் மென்மையான வேலைகளைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கி மத்தியானத்துக்கு முன் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஈரப்பதன் 85க்கு மேல் போகவும் விடாதீர்கள், கஞ்சி பிசுபிசுத்து இழைகள் ஒட்டும், இரும்புச் சாமான் துருப்பிடிக்கும்.

இவற்றை ஊகத்தில் செய்ய வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் விடுங்கள். காய்ந்தது 30, நனைந்தது 27 என்றால் ஈரப்பதன் 79 சதவீதம், தறிக்கு அருமையான காற்று. 34க்கு 25 என்றால் 50க்கும் கீழே, நூல் அறத் தொடங்கும். களஞ்சியத்தில் 28க்கு 27 என்று நின்றால் 92, பூஞ்சணம் வரப் போகிறது. கடையில் விற்கும் முள் மானி வாங்கினால் நம்புவதற்கு முன் சோதியுங்கள்: ஒரு மூடியில் கறியுப்பைச் சேறு மாதிரி நனைத்து, மானியோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் கட்டி, ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அந்த மானி 7 குறைத்துச் சொல்கிறது.

மெஷினும் கமராவும்

கமரா வேண்டாம். அது எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் நூலிலிருந்து நீர் போவது அதில் தெரியாது.

ஈரம் உறிஞ்சும் மெஷினை இந்த வருடம் வாங்காதீர்கள். சந்து அடைக்காத தகரக் கூரை அறைக்குள் அது இரவு பகலாக ஓடி மின்சாரக் கட்டணத்தைத்தான் கூட்டும். அந்தக் காசில் முதலில் கிடுகு, பலகைத் தட்டு, வெப்பமானி, சின்னத் தராசு. சந்துகளை அடைத்து, ஓகஸ்ட் நூலைப் பொலித்தீனில் வைத்து ஒரு மாரியைக் கடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் சாத்திய அறைக்குள் இரண்டு வெப்பமானிக்கும் வித்தியாசம் இரண்டு பாகைக்குள்ளேயே நின்றால், அப்போது ஒரு சின்ன மெஷின் பற்றி எழுதுங்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தையும், காலை ஏழு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இரண்டு வெப்பமானியும் காட்டியதை ஒரு கிழமைக்குக் குறித்தும் அனுப்பினால், எந்த அளவு மெஷின் போதும் என்று சொல்கிறேன்.